வேலுத்தம்பி தளவாய்

வேலுத்தம்பி தளவாய் (மே 6, 1765 – 1809) திருவிதாங்கூர் அரசின் தளவாயாக, அதாவது முதலமைச்சராகப் பணியாற்றியவர் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக 1808-1809 ஆண்டுகளில் நிகழ்ந்த திருவிதாங்கூர் எழுச்சிக்குத் தலைமை தாங்கினார். இவரது முழுப்பெயர் வேலாயுதன் செண்பகராமன் தம்பி என்பதாகும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், கடற்கரைச் சிற்றூரான கடியப்பட்டணத்திற்குச் சில கிலோமீட்டர் வடக்கே அமைந்துள்ள தலக்குளம் இவர் பிறந்த ஊராகும்.

கேரளத்தில் இவர் விடுதலைப் போராட்ட முன்னோடியாகப் போற்றப்படுகிறார். எனினும் இவரது வாழ்க்கை சர்ச்சைகள் நிறைந்தது. மக்கள் படையொன்றைத் திரட்டி ஊழல் அமைச்சர்களை வீழ்த்திய இவரே, பின்னர் தம் நாட்டுப் படையினரின் கலகத்தை அடக்கக் கம்பெனியின் துணையை நாடினார். கம்பெனியின் பிடியை இறுக்கிய 1805 உடன்படிக்கை இவர் தளவாயாக இருந்தபோதே கையெழுத்தானது. நான்கே ஆண்டுகளில் அந்தப் பிடிக்கு எதிராகவே வாளேந்தி உயிர் நீத்தார். இவர் விதித்த கொடிய தண்டனைகளும், எழுச்சியின்போது நிகழ்ந்த கைதிகள் கொலையும் இன்றளவும் விவாதிக்கப்படுகின்றன.

சுருக்கக் குறிப்பு

முழுப்பெயர்: வேலாயுதன் செண்பகராமன் தம்பி
பிறப்பு: மே 6, 1765, தலக்குளம், திருவிதாங்கூர்
இறப்பு: 1809, மண்ணடி, திருவிதாங்கூர்
பெற்றோர்: குஞ்ஞு மாயிட்டிப் பிள்ளை, வள்ளியம்மைப் பிள்ளை தங்கச்சி
பதவி: திருவிதாங்கூர் தளவாய் (1802–1809)
மன்னர்: அவிட்டம் திருநாள் பலராம வர்மா
அறியப்படுவது: 1799 மக்கள் கிளர்ச்சி, குண்டறைப் பிரகடனம், 1809 போர்

பெயரும் பட்டமும்

தளவாய் என்னும் சொல் படைத்தலைவரைக் குறிப்பது. மதுரை நாயக்கர் ஆட்சியில் படைக்கும் நிர்வாகத்திற்கும் பொறுப்பாக இருந்தவர் இப்பெயரால் அழைக்கப்பட்டார். திருவிதாங்கூரிலும் முதலமைச்சருக்கு இதுவே பட்டமாக விளங்கியது. ராஜா கேசவதாஸ் காலத்தில் திவான் என்ற பட்டம் வழக்கிற்கு வந்தபோதிலும், வேலுத்தம்பி பழைய தளவாய் என்ற பெயராலேயே நினைவுகூரப்படுகிறார். செண்பகராமன் என்பது அரசுக்குச் சிறந்த தொண்டு செய்த குடும்பங்களுக்குத் திருவிதாங்கூர் மன்னர்கள் வழங்கிய உயரிய பட்டமாகும். தம்பி என்பதும் இங்கு உறவுமுறைச் சொல் அன்று. அது ஒரு சிறப்புப் பெயர்.

பிறப்பும் பின்னணியும்

வேலுத்தம்பி தலக்குளத்தில் வலியவீடு எனப்பட்ட செல்வாக்குள்ள நாயர் குடும்பத்தில் பிறந்தார். தலக்குளம், இரணியல், பத்மநாபபுரம், குளச்சல் ஆகிய ஊர்கள் அடங்கிய இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் மூலநிலம் எனத்தக்கது. பத்மநாபபுரம் நெடுங்காலம் அதன் தலைநகராக இருந்தது. வெளிமலையிலிருந்து இறங்கும் வள்ளியாறு இப்பகுதியின் வயல்களுக்கு நீர் தந்து கடியப்பட்டணத்தில் அரபிக்கடலில் கலக்கிறது. 1741 ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியை முறியடித்த குளச்சலும் இதே கடற்கரையில்தான் உள்ளது.

இப்பகுதிக்குக் கிழக்கே உள்ள தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் நாஞ்சில் நாடு என அழைக்கப்படுகின்றன. நெல் விளையும் இந்நிலப்பகுதியின் உழவர்கள் நாட்டார் கூட்டங்களாகக் கூடி, முறையற்ற வரிகளை எதிர்ப்பது பழைய வழக்கம். தலைமை கிடைத்தால் குறுகிய காலத்தில் பெருங்கூட்டம் திரளக்கூடிய மரபு இப்பகுதியில் இருந்ததை வேலுத்தம்பியின் அரசியல் நுழைவைப் புரிந்துகொள்ள நினைவிற் கொள்ளவேண்டும். தொடக்கத்தில் இவர் மாவேலிக்கரையில் காரியக்காரராக, ஏறத்தாழ இன்றைய வட்டாட்சியருக்கு இணையான பதவியில் பணியாற்றினார்.

திருவிதாங்கூரின் நிலை

1789 முதல் திப்பு சுல்தானின் படையெடுப்பை எதிர்கொண்ட திருவிதாங்கூர், கம்பெனியின் பாதுகாப்பை நாடியது. 1795 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அரசின் பாதுகாப்பிற்கென நிறுத்தப்படும் கம்பெனிப் படைக்கான செலவைத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டியதாயிற்று. போர்ச் செலவும் இத்தொகையும் சேர்ந்து கருவூலத்தை வறளச் செய்தன.

1798 இல் தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராம வர்மா காலமானார். பதினாறு வயதே நிரம்பிய பலராம வர்மா அரியணை ஏறினார். அனுபவமிக்க திவான் ராஜா கேசவதாஸ் பதவியிழந்து வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1799 இல் அவர் இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்று கூறப்படுகிறது. ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி ஆட்சிப் பொறுப்பைக் கைப்பற்றினார். சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் ஆகிய இருவரும் அவருக்குத் துணை நின்றனர்.

1799 மக்கள் கிளர்ச்சி

வெற்றுக் கருவூலத்தை நிரப்ப இம்மூவரும் எளிய வழியொன்றைக் கண்டனர். வசதி படைத்தோரின் பட்டியலைத் தயாரித்து, இன்னார் இவ்வளவு செலுத்தவேண்டும் என்று தொகை குறித்து ஆணை அனுப்பினர். செலுத்தத் தவறியோர் சிறையிலடைக்கப்பட்டனர், கசையடியும் பெற்றனர். இவ்வாறு வேலுத்தம்பிக்கும் ஆணை வந்தது. திருவனந்தபுரத்திற்கு அழைக்கப்பட்ட அவர், பணம் திரட்ட மூன்று நாள் தவணை கேட்டுவிட்டுத் தம் ஊர்ப்பக்கம் திரும்பினார். அவர் திரட்டியது பணத்தை அன்று, மக்களை.

இரணியல், கல்குளம், நாஞ்சில் நாட்டுப் பகுதிகளிலிருந்து திரண்ட ஆயுதமேந்திய பெருங்கூட்டம் திருவனந்தபுரத்தை நோக்கி நடந்தது. அரசின் படை என்று கூற இயலாத இக்கூட்டத்தில் உழவரும் ஊர்த்தலைவர்களும் பயிற்சி பெற்ற போர்வீரரும் கலந்திருந்தனர். கோட்டை வாயிலை அடைந்த கூட்டத்தின் கோரிக்கைகளை மன்னர் ஏற்றார். ஜயந்தன் நம்பூதிரி பதவி நீக்கம் செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். செட்டியும் தரகனும் பொதுமக்கள் முன்னிலையில் கசையடி பெற்றனர். அவர்களுடைய காதுகள் அறுக்கப்பட்டன. பின்னர் இருவரும் சிறையில் அடைக்கப்பட்டனர். முறையற்ற வரிகளும் நீக்கப்பட்டன.

மன்னராட்சிக்குட்பட்ட நாடொன்றில் மக்கள் படையெடுத்துச் சென்று அமைச்சரவையை மாற்றிய இந்நிகழ்வு தென்னிந்திய வரலாற்றில் அரிதானது. அதேவேளை, காதறுப்பு என்னும் தண்டனை, வேலுத்தம்பியின் பிற்கால ஆட்சிமுறைக்கு முன்னறிகுறியாகவும் அமைந்தது.

தளவாய் பதவி

கிளர்ச்சிக்குப்பின் வேலுத்தம்பி வணிகத்துறைக்குப் பொறுப்பேற்றார். புதிய தலைமை அமைச்சராகச் சிறயின்கீழ் ஐயப்பன் செண்பகராமன் பிள்ளை சிறிது காலம் இருந்தார். 1802 வாக்கில் வேலுத்தம்பி தளவாயானார். இப்பதவிக்கான போட்டியில், மறைந்த ராஜா கேசவதாசின் உறவினர்கள் இருவர் கொல்லப்பட்டனர். அக்கொலைக்குப் பின்னாலிருந்த சதியில் வேலுத்தம்பிக்கும் பங்கிருந்தது என்று பழைய வரலாற்று நூல்கள் குற்றம் சாட்டுகின்றன.

நிர்வாகம்

தளவாயாக இவர் ஊழலையும் கொள்ளையையும் ஒடுக்குவதில் முனைப்புக் காட்டினார். ஊர் ஊராகச் சென்று, மரத்தடியில் அமர்ந்து வழக்குகளைக் கேட்டு, அங்கேயே தீர்ப்பு வழங்கினார். நிலங்களை அளந்து வரிக்கணக்கைச் சீர்செய்தார். சங்ஙனாசேரிச் சந்தை இவரால் நிறுவப்பட்டதாகும். கொல்லத்திலும் ஆலப்புழையிலும் வணிகம் வளர வழி செய்தார். அரசின் வருவாய் உயர்ந்தது. வழிப்பறி அச்சமின்றி மக்கள் பயணம் செய்ய முடிந்தது என்று பலரும் எழுதியுள்ளனர்.

தண்டனைகள்

இவ்வொழுங்கு அச்சத்தின் மீது நிறுவப்பட்டது. கையூட்டு வாங்கிய அதிகாரிகளுக்கும் திருடர்களுக்கும் காது, மூக்கு முதலிய உறுப்புகளை அறுத்தல், கசையடி, சிறை ஆகியவை தண்டனைகளாக விதிக்கப்பட்டன. குற்றவாளிகளை மரத்தில் அறைந்ததாகவும் கூறப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மேல்முறையீடு என்ற ஒன்று இருக்கவில்லை. அக்கால இந்திய அரசுகள் பலவற்றில் இத்தகைய தண்டனைகள் வழக்கத்தில் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் அக்கால அளவுகோலின்படியும் இவர் கடுமையானவராகவே கருதப்பட்டார்.

நாயர் படைக் கலகம் (1804)

1804 இல், செலவைக் குறைக்கும் பொருட்டு நாயர் படையினரின் படிகளைக் குறைக்கும் திட்டத்தை வேலுத்தம்பி முன்வைத்தார். படையினர் கொதித்தெழுந்தனர். சுமார் 10,000 வீரர்கள் ஆலப்புழையில் கூடி, தளவாயை நீக்கிக் கொல்லவேண்டும் என்று கோரினர். ஐந்தாண்டுகளுக்கு முன் மக்கள் படையின் தலைவராகத் தலைநகருக்கு வந்தவர், இப்போது தம் படையினரிடமிருந்து உயிர் தப்ப ஓடவேண்டியதாயிற்று.

அவர் கொச்சிக்குச் சென்று கம்பெனியின் ரெசிடெண்டான கர்னல் மெக்காலேயின் உதவியை நாடினார். இந்த மெக்காலே, பிற்காலத்தில் இந்தியக் கல்விமுறை பற்றிய குறிப்பால் அறியப்பட்ட தாமஸ் பாபிங்டன் மெக்காலேயின் பெரியப்பா ஆவார். கம்பெனியின் படைத்துணையுடன் கலகம் ஒடுக்கப்பட்டது. கலகத் தலைவர்கள் பலர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் கிருஷ்ண பிள்ளை என்பவரின் கால்கள் இரு யானைகளுடன் பிணைக்கப்பட்டு, உடல் கிழித்துக் கொல்லப்பட்டது.

வேலுத்தம்பியின் வாழ்க்கையில் இது திருப்புமுனையாகும். கலகம் அடங்கியது, ஆனால் நாட்டின் உட்பூசலில் தலையிடும் உரிமையைக் கம்பெனிக்கு அவரே வழங்கியதாயிற்று.

1805 உடன்படிக்கை

கலகத்தைக் காரணம் காட்டிக் கம்பெனி புதிய உடன்படிக்கையொன்றை வலியுறுத்தியது. 1805 ஜனவரி 12 அன்று அது கையெழுத்தானது. அதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

* திருவிதாங்கூரில் கூடுதல் கம்பெனிப் படை நிறுத்தப்படும்.
* அரசு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய தொகை 8 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்படும்.
* தேவையென்று கருதினால் உள்நாட்டு நிர்வாகத்திலும் கம்பெனி தலையிடலாம்.
* கம்பெனியின் அறிவுரைக்கு மன்னர் செவிசாய்க்க வேண்டும்.

ஆங்கிலத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி பிரபு பல இந்திய அரசுகளுடன் செய்துகொண்ட துணைப்படை உடன்படிக்கைகளின் வரிசையில் இதுவும் ஒன்று. இவ்வுடன்படிக்கையை ஏற்குமாறு தயங்கிய மன்னரை இணங்கச் செய்தவர்களில் வேலுத்தம்பியும் ஒருவர். பல நாயர் தலைவர்கள் இதற்காக அவரைக் கடிந்தனர்.

ரெசிடெண்டுடன் முரண்பாடு

எட்டு இலட்சம் ரூபாய் அரசின் தாங்கு சக்திக்கு மீறிய தொகையாக இருந்தது. நிலுவை பெருகியது. தவணை கேட்டபோதெல்லாம் மெக்காலே உடனடியாகச் செலுத்துமாறு நெருக்கினார். மாத்து தரகனின் சொத்துகள் தொடர்பான வழக்கில் தளவாய் எடுத்த முடிவில் ரெசிடெண்டு தலையிட்டது உறவை மேலும் கெடுத்தது. மெக்காலேயைத் திரும்ப அழைக்குமாறு திருவிதாங்கூர் தரப்பிலிருந்து விடுக்கப்பட்ட வேண்டுகோள் பயனளிக்கவில்லை. மாறாக, வேலுத்தம்பியைப் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என்று மெக்காலே கோரலானார்.

இக்காலத்தில் தெற்கில் கம்பெனியை எதிர்த்த ஆற்றல்கள் ஏறத்தாழ அனைத்தும் வீழ்ந்துவிட்டன. 1799 இல் திப்பு சுல்தான் போரில் மடிந்தார்; வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1805 இல் பழசி ராஜா கொல்லப்பட்டார். 1806 இல் வேலூர்ச் சிப்பாய்க் கலகம் ஒடுக்கப்பட்டது. ஆகவே வேலுத்தம்பி போருக்குத் துணிந்தபோது கைகோக்கத்தக்கவர் சிலரே எஞ்சியிருந்தனர்.

கொச்சி அரசின் முதலமைச்சரான பாலியத்து அச்சன், தம் சொந்தக் காரணங்களுக்காக மெக்காலே மீது பகை கொண்டிருந்தார். இருவரும் இரகசியமாக உடன்பாடு செய்துகொண்டனர். கள்ளிக்கோட்டை சாமூதிரிக்கும் வேலுத்தம்பி கடிதம் அனுப்பினார். ஐரோப்பாவில் நெப்போலியன் ஓங்கியிருந்த காலம் அது. தளவாய் பிரெஞ்சுக்காரரின் உதவியையும் நாடினார் என்று கம்பெனி அதிகாரிகள் ஐயுற்றனர். எனினும் வெளியுதவி எதுவும் வந்து சேரவில்லை.

எழுச்சி

கொச்சித் தாக்குதல்

1808 டிசம்பர் இறுதியில், பதவி விலகி மலபாரில் சென்று வாழ விரும்புவதாக வேலுத்தம்பி மெக்காலேயிடம் தெரிவித்தார். மெக்காலே அதனை நம்பி, அவரது பயணப் பாதுகாப்பிற்குத் தம் காவலர் சிலரை அனுப்பவும் செய்தார். டிசம்பர் 28 நள்ளிரவில், வைக்கம் பத்மநாப பிள்ளையின் தலைமையில் படகுகளில் வந்த திருவிதாங்கூர்ப் படையும் பாலியத்து அச்சனின் ஆட்களும் ரெசிடெண்டின் மாளிகையைத் தாக்கினர். ஆனால் மெக்காலே தப்பித்துக் கப்பலொன்றில் ஏறிவிட்டார். எழுச்சியின் முதல் இலக்கே தவறிப்போயிற்று.

கைதிகள் கொலை

இதே நாட்களில், கம்பெனியின் மருத்துவர் ஹியூம் என்பவரும் பிரித்தானியப் படைவீரர் சுமார் முப்பது பேரும் கடல்வழியாக வந்தபோது ஆலப்புழைக் கரையில் பிடிபட்டனர். அவர்கள் கட்டப்பட்டு, பள்ளாத்துருத்தி ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டனர். போரில் சரணடைந்த, ஆயுதமற்றவர்களைக் கொன்ற இச்செயலே வேலுத்தம்பியின் மீதான குற்றச்சாட்டுகளில் மிகவும் கடுமையானது. பிற்காலத்தில் கம்பெனி காட்டிய வன்மத்திற்கும் இதுவே முதன்மைக் காரணம். இக்கொலையைச் செய்தவர் வைக்கம் பத்மநாப பிள்ளையின் ஆட்கள் ஆவர். ஆயினும் எழுச்சியின் தலைவர் என்ற முறையில் கம்பெனி இதற்கு வேலுத்தம்பியையே பொறுப்பாளியாக்கியது.

குண்டறைப் பிரகடனம்

1809 ஜனவரி 11 அன்று (கொல்லம் ஆண்டு 984, மகரம் 1), கொல்லத்தை அடுத்த குண்டறையில், இளம்பள்ளூர்க் கோயிலருகே வேலுத்தம்பி மக்களுக்கு அறிக்கையொன்றை விடுத்தார். குண்டறைப் பிரகடனம் எனப்படும் இது, கம்பெனி எவ்வாறு நட்பின் பெயரால் நாட்டைப் பறித்தது என்பதை விவரித்து, மக்களை ஆயுதமேந்துமாறு அழைத்தது.

கம்பெனியின் ஆட்சி வந்தால் உப்பு முதலியவற்றின் வாணிகம் பறிபோகும், நிலத்திற்கு மிகையான வரி விழும், கோயில்களும் சாதி ஒழுக்கங்களும் கெடும் என்பன அதில் கூறப்பட்ட அச்சங்களாகும். பிரகடனத்தின் பொருளாதாரக் கருத்துகளைப் பிற்காலத் தேசியவாதிகள் பெரிதும் பாராட்டினர். அதில் காணப்படும் சாதி, சமயப் பாதுகாப்புக் குரலைச் சுட்டி, அது எல்லா மக்களுக்குமான அழைப்பாக இருக்கவில்லை என்று பிறர் விமர்சித்துள்ளனர். எவ்வாறாயினும் அதன் விளைவு உடனடியானது. ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்த ஆயுதத்துடன் திரண்டனர்.

கொல்லம், கொச்சிப் போர்கள்

ஜனவரி 15 அன்று, கொல்லத்தில் கர்னல் சால்மர்ஸ் தலைமையிலிருந்த கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர்ப் படை தாக்கியது. எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிதாக இருந்தும், பயிற்சியும் ஒழுங்கும் மிக்க கம்பெனிப் படையின் முன் அது நிலைக்கவில்லை. பீரங்கிகள் பலவற்றையும் நூற்றுக்கணக்கான வீரர்களையும் இழந்து பின்வாங்கியது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 19 இல், கொச்சியின் மீது நடத்தப்பட்ட தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. தோல்வியை உணர்ந்த பாலியத்து அச்சன் அணியிலிருந்து விலகிக் கம்பெனியுடன் சமாதானம் செய்துகொண்டார். அவர் பின்னர் நாடு கடத்தப்பட்டு, காசியில் இறந்தார்.

ஆரல்வாய்மொழி

போரின் முடிவு வேலுத்தம்பியின் சொந்த மண்ணிலேயே தீர்மானிக்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து திருவிதாங்கூருக்குள் நுழையும் வாயிலான ஆரல்வாய்மொழிக் கணவாய், மலைகளை இணைக்கும் நெடிய மதிலாலும் பீரங்கிகளாலும் காக்கப்பட்டிருந்தது. கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை பிப்ரவரித் தொடக்கத்தில் மதிலுக்கு எதிரே பாளையமிறங்கியது.

நேரடித் தாக்குதலால் மதிலைப் பிடிப்பது அரிது எனக் கண்டு, மேஜர் வெல்ஷ் தலைமையில் சிறு படையொன்று இரவில் செங்குத்தான மலைச்சரிவில் ஏறியது. பாறைகளுக்கும் முட்புதர்களுக்கும் இடையே ஊர்ந்து சென்ற அப்படை, பிப்ரவரி 10 விடியலில் மேலிருந்து மதிலின் பக்கவாட்டைத் தாக்கியது. காவலர்கள் சிதறினர். அப்போது அருகிலிருந்த வேலுத்தம்பி திருவனந்தபுரத்தை நோக்கி விரைந்தார். இத்தாக்குதலை வெல்ஷ் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாக எழுதியுள்ளார்.

நாகர்கோவில், கோட்டாறு பகுதிகளில் எஞ்சிய படையும் தோற்றது. உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரம் கோட்டையும் எதிர்ப்பின்றிக் கம்பெனியின் வசமாயின. குளச்சலில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்த டி லனாய் திருவிதாங்கூரின் படைத்தலைவராகி வலுப்படுத்திய உதயகிரிக் கோட்டை, ஒரு குண்டும் வெடிக்காமல் வீழ்ந்தது.

இறப்பு

கம்பெனிப் படை தலைநகரை நெருங்கியபோது வேலுத்தம்பி மன்னரைச் சந்தித்தார். நடந்த அனைத்திற்கும் தம்மையே பொறுப்பாளியாக்கி, அரசைக் காப்பாற்றிக்கொள்ளுமாறு கூறிவிட்டு விடைபெற்றார் என்பது வரலாற்று மரபு. மன்னரும் அவ்வாறே செய்தார். உம்மிணித் தம்பி என்பவர் புதிய திவானாக நியமிக்கப்பட்டார். வேலுத்தம்பியைப் பிடித்துத் தருவோருக்கு 50,000 ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது.

வேலுத்தம்பி தம் தம்பி பத்மநாபன் தம்பியுடன் வடக்கு நோக்கித் தப்பிச் சென்றார். வழியில் கிளிமானூர் அரண்மனையில் தங்கித் தமது வாளை அங்கு ஒப்படைத்தார் என்பர். இறுதியில் இன்றைய பத்தனம்திட்டா மாவட்டத்திலுள்ள மண்ணடி பகவதி கோயிலில் ஒளிந்திருந்தார். அவருடைய பணியாள் பொருட்களை விற்க முயன்றபோது ஐயம் எழுந்து, மறைவிடம் வெளிப்பட்டது. படையினர் கோயிலைச் சூழ்ந்தனர்.

உயிருடன் பிடிபட விரும்பாத வேலுத்தம்பி, தம்மைக் கொன்றுவிடுமாறு தம்பியை வேண்டினார். தம்பி மறுக்கவே, கத்தியால் தம்மைக் குத்திக்கொண்டார். காயம் உயிர் போக்காதது கண்டு மீண்டும் வற்புறுத்த, தம்பி அவரது கழுத்தை வெட்டினார் என்று கூறப்படுகிறது. இது நிகழ்ந்த நாளை மார்ச் மாத இறுதி என்றும் ஏப்ரல் 8 என்றும் நூல்கள் வேறுபட்டுக் குறிக்கின்றன. பிடிபட்ட பத்மநாபன் தம்பி 1809 ஏப்ரல் 10 அன்று கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். வைக்கம் பத்மநாப பிள்ளையும் பின்னர் தூக்கிலிடப்பட்டார்.

வேலுத்தம்பியின் உடல் திருவனந்தபுரம் கொண்டுவரப்பட்டு, கண்ணம்மூலையில் மக்கள் காணும்படி தூக்குமரத்தில் தொங்கவிடப்பட்டது. இறந்தவரின் உடலை இவ்வாறு இழிவுசெய்தது மனிதப் பண்பிற்கு ஒவ்வாதது எனத் தலைமை ஆளுநர் மின்டோ பிரபுவே கண்டித்தார்.

விளைவுகள்

தலக்குளத்திலிருந்த வேலுத்தம்பியின் வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தில் வாழையும் ஆமணக்கும் நடப்பட்டன. குடும்பத்தினர் மாலத்தீவிற்கு நாடு கடத்தப்பட்டனர்; அவர்களில் சிலர் வழியிலேயே உயிர் துறந்தனர். போரில் பங்கேற்காத பெண்களும் சிறாரும் உள்ளிட்ட குடும்பத்தின் மீது சுமத்தப்பட்ட இத்தண்டனை, புதிய திவான் உம்மிணித் தம்பியின் ஆட்சியில் நிறைவேற்றப்பட்டது.

திருவிதாங்கூரின் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. சிறு காவற்படை மட்டும் எஞ்சியது. போர்ச் செலவும் அரசின் மீதே சுமத்தப்பட்டது. 1810 நவம்பரில் பலராம வர்மா இறந்தபின் ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சிக்கு வந்தார். மெக்காலேயைத் தொடர்ந்து ரெசிடெண்டான கர்னல் மன்றோ, 1811 முதல் 1814 வரை திவான் பதவியையும் தாமே வகித்தார். கம்பெனியின் பிரதிநிதியே நாட்டின் முதலமைச்சராகவும் அமர்ந்த நிலை, வேலுத்தம்பி எதனை அஞ்சினாரோ அதன் நிறைவாக அமைந்தது.

சர்ச்சைகளும் மதிப்பீடும்

வேலுத்தம்பியைப் பற்றிய மதிப்பீடுகள் எழுதியவரின் காலத்திற்கும் நோக்கிற்கும் ஏற்ப மாறுபடுகின்றன. அவரை ஆங்கில அதிகாரிகள் கொடுங்கோலராகவும் நன்றி கெட்டவராகவும் கண்டனர். சங்குண்ணி மேனன் (1878), நாகம் ஐயா (1906) ஆகியோரின் திருவிதாங்கூர் வரலாறுகள் ஆங்கில மேலாண்மைக் காலத்தில் எழுதப்பட்டவை. விடுதலை இயக்கம் வலுப்பெற்றபின் அவர் தியாகியாக உருப்பெற்றார்.

அவருக்கு ஆதரவாகவும் எதிராகவும் கூறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

* ஆதரவாக: ஊழலை எதிர்த்து மக்களைத் திரட்டினார், அரசு வருவாயைச் சீர்செய்தார், கம்பெனி ஆட்சியின் பொருளாதாரச் சுரண்டலை மக்களுக்கு எடுத்துரைத்தார், தோல்வியின்போது பழியைத் தாமே ஏற்றார்.
* எதிராக: உறுப்பறுப்பு முதலிய கொடுந்தண்டனைகளை விதித்தார், பதவிக்காகச் சதியில் ஈடுபட்டதாகக் குற்றச்சாட்டு உண்டு, தம் நாட்டுப் படையினருக்கு எதிராகக் கம்பெனியை அழைத்தார், கைதிகள் கொலைக்குத் தலைமைப் பொறுப்பு அவருடையது.

இவ்விரு பட்டியல்களும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. 1799 இல் தமக்கு விதிக்கப்பட்ட தொகையைச் செலுத்த மறுத்த அதே மனிதர்தான், 1805 இல் நாட்டின் மீது விதிக்கப்பட்ட பெருந்தொகைக்கு உடன்பட்டார். பின்பு அதனைச் செலுத்த மறுத்துப் போரிட்டார். கம்பெனியைத் துணைக்கழைத்தால் அது திரும்பிச் செல்வதில்லை என்பதைத் தம் அனுபவத்தால் உணர்ந்த பல இந்திய ஆட்சியாளர்களுள் அவரும் ஒருவர். அந்த உணர்வு வந்தபோது காலம் கடந்திருந்தது.

தமிழ்நாட்டில் அவர் அதிகம் அறியப்படாததற்கு எல்லை மாற்றமும் ஒரு காரணம் எனலாம். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் இணைந்தன. அவருடைய பிறந்த ஊர் தமிழ்நாட்டிலும், மறைந்த இடமும் பெரும்பாலான நினைவிடங்களும் கேரளத்திலும் அமைந்தன.

நினைவுச் சின்னங்கள்

* திருவனந்தபுரத்தில் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் இவரது சிலை உள்ளது.
* மண்ணடியில் நினைவகமும் அருங்காட்சியகமும் உள்ளன.
* தனுவச்சபுரத்திலுள்ள கல்லூரியொன்று இவரது பெயரைத் தாங்கியுள்ளது.
* இவரது வாள் கிளிமானூர் அரண்மனையில் சுமார் 150 ஆண்டுகள் பாதுகாக்கப்பட்டு, 1957 இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்திடம் வழங்கப்பட்டது. தில்லி தேசிய அருங்காட்சியகத்திலிருந்த அவ்வாள் 2010 இல் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டது.
* 2010 மே 6 அன்று இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.
* 1962 இல் இவரது வாழ்க்கையை ஒட்டிய மலையாளத் திரைப்படம் வெளிவந்தது. கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர் வேலுத்தம்பியாக நடித்தார்.

காலவரிசை

* 1765 – தலக்குளத்தில் பிறப்பு
* 1798 – பலராம வர்மா அரியணை ஏறுதல்
* 1799 – மக்கள் கிளர்ச்சி; ஜயந்தன் நம்பூதிரி பதவி நீக்கம்
* 1802 – தளவாய் பதவி
* 1804 – நாயர் படைக் கலகம்
* 1805 – கம்பெனியுடன் புதிய உடன்படிக்கை
* 1808 டிசம்பர் – கொச்சியில் ரெசிடெண்டு மாளிகைத் தாக்குதல்
* 1809 ஜனவரி 11 – குண்டறைப் பிரகடனம்
* 1809 ஜனவரி 15 – கொல்லம் போர்
* 1809 பிப்ரவரி 10 – ஆரல்வாய்மொழி வீழ்ச்சி
* 1809 – மண்ணடியில் இறப்பு

இவற்றையும் பார்க்க

* திருவிதாங்கூர்
* நாஞ்சில் நாடு
* குளச்சல் போர்
* உதயகிரிக் கோட்டை
* பழசி ராஜா
* வேலூர்ச் சிப்பாய்க் கலகம்